மொட்டைமாடிப் பெட்டிக்கு கான்ஃபிக் அனுப்ப ஒரு புரோட்டோகால்

திருவொற்றியூரில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் எங்கள் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, நான்கு போர்ட் ஸ்விட்ச், ஒரு 4ஜி சிம், சின்னதாக ஒரு பேட்டரி. சுற்றியுள்ள தெருக்களின் வைஃபை கருவிகளுக்கும் கேமராக்களுக்கும் கரண்டும் இணைப்பும் அதிலிருந்துதான் போகின்றன. சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, தண்டையார்பேட்டையில் உட்கார்ந்தபடியே அந்தப் பெட்டியின் சிம்முக்கு ஏபிஎன் பெயரை (சிம் எந்த வழியாக இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பெயர்) மாற்றினேன். ஒரு எழுத்து தவறிவிட்டது. எண்டர் தட்டினேன், திரை அப்படியே நின்றது.

பெட்டி சொன்னதைச் செய்துவிட்டது. தப்பான பெயரோடு நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தது. தப்பைத் திருத்தச் சொல்ல எனக்கு வழி இல்லை, ஏனென்றால் அந்த வழியைத்தான் மாற்றியிருந்தேன். நுனிமரத்தில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டுவது என்பார்களே, அதுதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. மாடிக் கதவின் சாவி வீட்டுக்கார அம்மாவிடம். அவரை எழுப்பிக் காரணம் சொல்லிப் புரியவைத்தது, கான்ஃபிக் (பெட்டி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புகள்) திருத்தியதைவிடக் கஷ்டம்.

இந்தக் கட்டுரை அந்த இரவிலிருந்து வந்தது. தெருவுக்குள் நெட்வொர்க் நடத்துகிறவர்கள், கருவி செய்கிற கல்லூரிப் பிள்ளைகள், "அண்ணே, கான்ஃபிக் அனுப்ப நம்மளே ஒரு புரோட்டோகால் எழுதிடலாமா?" என்று கேட்கிறவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். எழுதலாம். புரோட்டோகால் என்பது இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் விதிமுறைதானே. ஆனால் வரிசை முக்கியம். எல்லோரும் மெசேஜ் எப்படி இருக்கும் என்பதில் தொடங்குகிறார்கள். இணைப்பு அறுந்தால் பெட்டி என்ன செய்யும் என்பதில் தொடங்குங்கள்.

எழுதாமல் இருக்க முடியுமா?

நீங்கள் நடத்துவது கடையில் வாங்கிய பெரிய ரவுட்டர்கள், ஸ்விட்ச்கள் என்றால் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் நெட்கான்ஃப் என்ற கான்ஃபிக் அனுப்பும் புரோட்டோகால் இருக்கும். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பின் மேல், போர்ட் 830 (இது ஸ்விட்சில் உள்ள போர்ட் இல்லை, இணைப்புக்கான வாசல் எண்). வீடுகளில் பிராட்பேண்ட் கம்பெனி வைக்கும் ரவுட்டர்களுக்கு டிஆர்-069 என்று ஒன்று 2004இலிருந்து இருக்கிறது. சொந்தமாகப் போர்டு செய்து, அதற்குள் இவை அடங்காதபோதுதான் நம் வேலை. ஈஎஸ்பி32 போன்ற ஒரு சிப்பில் உள்ள எஸ்ராம் (வேலை மெமரி) மொத்தமே 520 கிலோபைட். அதில் எஸ்எஸ்எச்சும் எக்ஸ்எம்எல் (நெட்கான்ஃப் தகவலை எழுதும் வடிவம்) படிப்பானும் நம் சொந்த வேலையும் சேர்ந்து குடியிருக்க வேண்டும் என்றால், வண்ணாரப்பேட்டை ஒண்டிக் குடித்தனம்தான்.

அப்படி எழுதினாலும் யோசனைகளைக் கடன் வாங்குங்கள். இந்த வழியில் ஏற்கெனவே நிறைய பேர் விழுந்து எழுந்திருக்கிறார்கள். எஸ்என்எம்பி என்ற கருவி மேற்பார்வைப் புரோட்டோகால் 1988இல் வந்தது. கருவிகளைக் கவனிக்க நன்றாக உதவியது. கான்ஃபிக் மாற்ற அதை நம்பியவர்கள் குறைவு. ஆபரேட்டர்கள் கருவிக்குள் நுழைந்து கமாண்ட் தட்டினார்கள், அல்லது அப்படித் தட்டுகிற ஸ்கிரிப்ட் எழுதினார்கள். அடுத்த ஃபர்ம்வேரில் (கருவிக்குள் ஓடும் மென்பொருளில்) வெளியீட்டில் ஒரு இடைவெளி கூடினால் ஸ்கிரிப்ட் படுத்துவிடும். 2002 ஜூனில் ஐஏபி (இன்டர்நெட்டின் கட்டமைப்பைக் கவனிக்கும் குழு) ஒரு பட்டறை கூட்டி, நெட்வொர்க் நடத்துபவர்களையும் புரோட்டோகால் எழுதுபவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தது. அங்கே ஆபரேட்டர்கள் சொன்னதன் பதிவு ஆர்எஃப்சி 3535 (ஆர்எஃப்சி என்பவை இன்டர்நெட் விதிகளையும் குறிப்புகளையும் பதியும் எண்ணிட்ட ஆவணங்கள்), 2003 மே மாதம் வெளியானது. சின்ன ஆவணம். ஒரு வரி எழுதும் முன் அதைப் படியுங்கள். கான்ஃபிக்கையும் நடப்பு நிலையையும் பிரித்துக் கொடு, முழு கான்ஃபிக்கையும் இறக்கவும் திரும்ப ஏற்றவும் வழி கொடு, பல கருவிகளில் ஒரே மாற்றத்தைச் சேர்த்துச் செய்ய விடு என்று அவர்கள் கேட்டதெல்லாம் இன்று நானும் நீங்களும் கேட்பதுதான். அதிலிருந்து நெட்கான்ஃப் 2006 டிசம்பரில் ஆர்எஃப்சி 4741 ஆக வந்தது. 2011இல் திருத்தப்பட்டு 6241 ஆனது. தரவை எழுதும் மொழியான யாங் 2010இல். வெப் ஆட்களுக்குப் பழக்கமான எச்டிடிபி மேல் அதே வேலையைச் செய்யும் ரெஸ்ட்கான்ஃப் 2017இல்.

முதல் நாள் வேலைக்கு நோட்டுப் புத்தகம் போதும்

கம்ப்யூட்டரை மூடிவையுங்கள். பெட்டியில் என்னென்ன தகவல் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் பெட்டிக்கு எழுதியபோது முப்பது சொச்சம் வரிகள் வந்தன: ஏபிஎன் பெயர், ஒவ்வொரு போர்ட்டுக்கும் கரண்ட் உண்டா இல்லையா, விலான் எண் (ஒரே கம்பியில் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் எண்), பேட்டரி வோல்டேஜ், சிக்னல் அளவு, எத்தனை பாக்கெட் போனது, கடைசியாக எப்போது ரீபூட் ஆனது.

இப்போது ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பெட்டி மழையில் எரிந்துபோய், நாளைக்குப் புதுப் பெட்டி மாட்டினால், இதை அதற்குள் ஏற்றுவேனா? ஏபிஎன் பெயரை ஏற்றுவேன், அது கான்ஃபிக். பேட்டரி வோல்டேஜை ஏற்ற முடியாது. அது நடப்பு நிலை. பாக்கெட் எண்ணிக்கை வெறும் கணக்கு. மூன்றையும் மூன்று பத்தியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் ஒரே மூட்டையாகக் கட்டினால், நேற்றைய பேக்கப்புக்கும் இன்றைய நிலைக்கும் வித்தியாசம் பார்க்கும்போது திரை முழுக்க வோல்டேஜ் மாற்றமாக வரும். யாரோ மாற்றிய விலான் அதற்குள் ஒளிந்திருக்கும்.

சில வரிகள் இரண்டு பத்தியிலும் உட்காரும். குழப்பம் அங்கேதான். காசிமேட்டுப் பக்கம் உள்ள பெட்டி ஒன்றில் போர்ட் வேகம் "தானாக" என்று வைத்திருந்தோம். உப்புக்காற்றில் ஜாக்கின் பின்கள் துருப்பிடித்து, ஆயிரம் மெகாபிட் ஓட வேண்டியது நூறில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டது ஒன்று, நடப்பது ஒன்று. இரண்டையும் தனித்தனிப் பெயரில் வையுங்கள். ஒரே பெயரில் வைத்துவிட்டு, படிக்கும்போது நடப்பையும் எழுதும்போது விருப்பத்தையும் காட்டினால், பேக்கப் எடுத்துத் திரும்ப ஏற்றுகிற அன்று துருவையே கான்ஃபிக்காக ஏற்றிவிடுவீர்கள். பெரியவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். விரும்பிய கான்ஃபிக்கையும் நடைமுறையில் இருப்பதையும் தனிக் கிடங்குகளாகப் பிரிக்கும் ஆர்எஃப்சி 8342 வந்ததே 2018இல்தான்.

இன்னொன்று, எதையும் வரிசை எண்ணால் அழைக்காதீர்கள். எஸ்என்எம்பியில் இன்டர்ஃபேஸ்களுக்கு (கருவியின் இணைப்பு முனைகளுக்கு) ஒரு எண் உண்டு. கருவி ரீபூட் ஆனால் அந்த எண் மாறலாம். மூன்றாவது கேமரா என்று நினைத்து வேறொன்றின் கரண்டை நிறுத்துவோம். "மீன்சந்தை-கேமரா" என்பது போல மாறாத பெயர் வையுங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் அலகு, குறைந்தபட்சம், அதிகபட்சம், எதுவும் சொல்லாவிட்டால் என்ன என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதிவிடுங்கள். நேரம் வினாடியிலா மில்லிவினாடியிலா என்று பிறகு சண்டை வரக்கூடாது.

கட்டளை வேண்டாம், நிலையைச் சொல்லுங்கள்

எங்கள் முதல் பதிப்பில் "போர்ட் 2ஐ மாற்று" என்று ஒரு மெசேஜ் இருந்தது. அணைந்திருந்தால் போடும், போட்டிருந்தால் அணைக்கும். சுவர் ஸ்விட்ச் மாதிரி. ஒருநாள் மெசேஜ் போனது, பெட்டி மாற்றியது, பதில் வரும் வழியில் தொலைந்தது. பதில் வரவில்லையே என்று எங்கள் ப்ரோக்ராம் மறுபடி அனுப்பியது. பெட்டி சமர்த்தாக மறுபடி மாற்றியது. கேமரா விடியும்வரை அணைந்தே கிடந்தது.

"போர்ட் 2 போட்டிருக்க வேண்டும்" என்று சொல்லியிருந்தால் பத்து முறை அனுப்பினாலும் முடிவு ஒன்றுதான். 4ஜி போன்ற இணைப்பில் பதில் தொலைவது விபத்து இல்லை, தினசரி நடப்பு. அதனால் எந்த மெசேஜையும் இரண்டு முறை அனுப்பினால் கெடுதல் இல்லாதபடி அமையுங்கள். நெட்கான்ஃபின் எடிட்-கான்ஃபிக் என்ற மாற்றும் கட்டளையில் இதற்கு நுட்பமான பிரிவு உண்டு: கிரியேட் என்றால் ஏற்கெனவே இருந்தால் பிழை, மெர்ஜ் என்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள். டெலீட் என்றால் இல்லாததை அழிக்கச் சொன்னால் பிழை; ரிமூவ் என்றால் இல்லாவிட்டால் சும்மா இரு. ரிமூவ் என்பது 2011 திருத்தத்தில்தான் சேர்ந்தது. சின்னக் கருவிக்கு மெர்ஜும் ரிமூவும் போதும். ரீபூட் போன்ற செயல்கள் மட்டும் நிலையாகச் சொல்ல முடியாதவை. அவற்றைத் தனியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் பெட்டி செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தரட்டும். அந்த எண் ஃபிளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத மெமரியில்) பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீபூட் ஆன பெட்டி அதை மறந்து மறுபடி ரீபூட் ஆகும்.

கம்பி மேல் என்ன போகிறது

இங்கேதான் புதியவர்கள் ஒரு மாதம் செலவழிக்கிறார்கள். மெசேஜை எந்த வடிவத்தில் எழுதுவது: ஜேசனா, எக்ஸ்எம்எல்லா, சிபோரா? பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணால் படிக்க முடிகிற ஒன்றை எடுங்கள். மெமரி இறுக்கினால், அளவில் சின்னதான சிபோருக்குப் போங்கள்.

கவனிக்க வேண்டியது எல்லைக்கோடு. டிசிபி (இணைப்பில் பைட்டுகளை வரிசையாகக் கொண்டுசேர்க்கும் அடிப்படைப் புரோட்டோகால்) என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி. எங்கே ஒரு மெசேஜ் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. நெட்கான்ஃபின் முதல் பதிப்பில் மெசேஜ் முடிவைக் காட்ட ]]>]]> என்ற ஆறு குறிகளை வைத்தார்கள். ஒழுங்கான எக்ஸ்எம்எல்லுக்குள் இது வரவே வராது என்பது நம்பிக்கை. வரும்; கமெண்டுக்குள் வரலாம், ஆட்ரிபியூட்டுக்குள் வரலாம். 2011இல் ஆர்எஃப்சி 6242 அதை ஒப்புக்கொண்டு, துண்டின் நீளத்தை முதலில் சொல்லும் முறைக்கு மாறியது. அத்தனை பேர் உட்கார்ந்து எழுதியதிலேயே இந்தக் கதி. நீங்கள் நேராக நீளத்தை முன்னால் வையுங்கள்: நான்கு பைட் நீளம், பிறகு மெசேஜ். அதிகபட்ச நீளம் ஒன்றையும் தீர்மானியுங்கள். இல்லாவிட்டால் கோளாறான ஒரு மெசேஜ் "நான் 4 ஜிபி" என்று சொல்ல, பெட்டி அதற்கு இடம் ஒதுக்கப் பார்த்துச் செத்துப்போகும்.

பாதுகாப்பைச் சொந்தமாகக் கண்டுபிடிக்காதீர்கள். இணைப்பை மற்றவர் படிக்காமல் பூட்ட டிஎல்எஸ் 1.3 இருக்கிறது, எஸ்எஸ்எச் இருக்கிறது. "நம்ம பெட்டியை யாருண்ணே ஹேக் பண்ணப்போறான்" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு தம்பி சொல்வான். திறந்து கிடக்கும் போர்ட்டுகளை நாள் முழுக்கத் தட்டிப்பார்ப்பது மனிதர்கள் இல்லை, ப்ரோக்ராம்கள். அவற்றுக்கு எண்ணூரும் அமெரிக்காவும் ஒன்றுதான். டிஎல்எஸ் போட்டால் ஒரு சிக்கலுக்குத் தயாராக இருங்கள். கடிகார பேட்டரி இல்லாத போர்டு, கரண்ட் வந்ததும் இன்று 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். சர்வர் காட்டும் சான்றிதழைப் பார்த்து, "இது இன்னும் அமலுக்கே வரவில்லை" என்று இணைப்பை மறுக்கும். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஃபிளாஷில் எழுதிவைத்து, எழுந்ததும் அதிலிருந்து தொடங்கச் செய்யுங்கள்.

யார் யாரைக் கூப்பிடுவது? 4ஜி சிம்மில் பெட்டிக்கு வெளியிலிருந்து எட்டும் முகவரி பொதுவாகக் கிடைக்காது. ஆகவே பெட்டிதான் நம்மைக் கூப்பிட வேண்டும். நெட்கான்ஃபுக்கே இப்படி ஒரு வழி ஆர்எஃப்சி 8071இல், கால் ஹோம் என்ற பெயரில் இருக்கிறது. அறுந்தால் எத்தனை வினாடி கழித்துத் திரும்பக் கூப்பிடும் என்பதில் கொஞ்சம் சீட்டுக் குலுக்குங்கள். ஏரியா முழுக்கக் கரண்ட் போய் வந்தால், எங்கள் 43 பெட்டிகளும் ஒரே வினாடியில் எழுந்து ஒரே வினாடியில் சர்வர் கதவைத் தட்டும். ஒவ்வொன்றும் 5 முதல் 60 வினாடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் தட்டட்டும்.

நகலில் எழுது, சரிபார், பிறகு மாற்று

ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக்கில் நேராகக் கை வைக்காதீர்கள். நெட்கான்ஃப் மூன்று கிடங்குகளைப் பற்றிப் பேசுகிறது: இப்போது ஓடுவது, மாற்றத்துக்கான வரைவு, அடுத்த முறை எழும்போது ஏற்ற வேண்டியது. வரைவில் ஐந்து மாற்றம் செய்து, மொத்தமாகச் சரிபார்த்து, ஒரே அடியில் கமிட் செய்யலாம் (நடைமுறைக்குக் கொண்டுவரலாம்). ஐந்தில் ஒன்று தப்பு என்றால் ஐந்துமே வேண்டாம். விலானை மாற்றிவிட்டு, அதற்கான முகவரியை மாற்றும் முன் நின்றுவிட்ட பெட்டி, மாற்றாத பெட்டியைவிட மோசம்.

இதைச் சின்ன போர்டில் செய்வது எளிது. ஃபிளாஷில் அ, ஆ என்று இரண்டு இடம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றிலும் கான்ஃபிக், ஒரு ஏறுவரிசை எண், எழுதியது சிதையவில்லை என்று பார்க்க ஒரு சிஆர்சி-32 கூட்டுத்தொகை. இப்போது அ-வில் ஓடுகிறது என்றால் புதியதை ஆ-வில் எழுதி, திரும்பப் படித்துக் கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று பாருங்கள். எழும்போது, கூட்டுத்தொகை சரியாக உள்ளவற்றில் எண் பெரியதை ஏற்றுங்கள். எழுதும் நடுவில் கரண்ட் போனால் ஆ-வின் கூட்டுத்தொகை பொருந்தாது. பெட்டி பேசாமல் அ-வுக்குப் போய்விடும். பேட்டரி இருக்கிறதே என்று இதைத் தவிர்க்காதீர்கள். கடலோரத்தில் பேட்டரி முனைகள் துருப்பிடிக்கும் வேகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு தரம், ரெண்டு தரம்

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கூடை முன்னால் இருக்கும், விலை சொல்லியாகிவிட்டது; மூணு தரம் என்று சொல்லும்வரை சரக்கு கைமாறவில்லை. கான்ஃபிக்குக்கும் அப்படி ஒரு இடைவெளி வேண்டும்.

முறை இது. "இந்த மாற்றத்தைச் செய், ஆனால் 600 வினாடிக்குள் நான் உறுதி சொல்லாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடு" என்று பெட்டியிடம் சொல்லுங்கள். நெட்கான்ஃபில் இதற்கு கன்ஃபர்ம்டு கமிட் என்று பெயர். நேரம் சொல்லாவிட்டால் 600 வினாடிதான் கணக்கு. ஜூனிபர் கருவிகளில் இதே வசதி பத்து நிமிடத்தோடு இருக்கிறது. இந்த வசதி இல்லாத சிஸ்கோ கருவிகளில் அனுபவசாலிகள் ஒரு தந்திரம் செய்வார்கள்: முதலில் பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகச் சொல்லிவிட்டு, பிறகு மாற்றம் செய்வார்கள், சேமிக்க மாட்டார்கள். இணைப்பு போனால் காத்திருந்தால் போதும். கருவி ரீபூட் ஆகிப் பழைய கான்ஃபிக்கோடு எழும். இணைப்பு போகாவிட்டால் ரீபூட்டை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பார்கள். திருவொற்றியூர் இரவில் எனக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால், ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பேன்.

வார்த்தையில் எளிது, செய்யும்போது நான்கு இடத்தில் கால் வாரும்.

உறுதி எந்த வழியில் வருகிறது என்று பாருங்கள். பழைய இணைப்பு இன்னும் அறுந்துவிழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாக உறுதி சொன்னால், புதிய ஏபிஎன் வேலை செய்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் பெட்டி மாற்றத்துக்குப் பிறகு பழைய இணைப்பைத் தானே அறுத்துவிட்டு, புது வழியில் கூப்பிடும். அந்தப் புது அழைப்பில் வரும் உறுதியை மட்டும் ஏற்கும். இதற்கு, மாற்றத்தோடு ஒரு அடையாள எண் கொடுத்து, உறுதியிலும் அதே எண்ணைச் சொல்ல வேண்டும். நெட்கான்ஃபில் சாதாரணமாக, மாற்றம் செய்த செஷன் (ஒருவர் இணைந்து பேசும் தொடர்பு) அறுந்தாலே பழையதற்குத் திரும்பிவிடும். வேறு செஷனிலிருந்து உறுதி சொல்லத்தான் பெர்சிஸ்ட் என்ற அடையாளம் 2011 பதிப்பில் வந்தது.

அடுத்தது நேரம். பெட்டி அறுந்து, மோடம் எழுந்து, நெட்வொர்க் தேடி, டிஎல்எஸ் முடித்துத் திரும்ப வர எவ்வளவு ஆகும் என்று அளந்து பாருங்கள். எங்களுக்கு மோசமான நாளில் மூன்று நிமிடம் ஆனது. இரண்டு நிமிட டைமர் வைத்திருந்தால் சரியான மாற்றம்கூட ஒவ்வொரு முறையும் ரத்தாகியிருக்கும். அளந்ததைப் போல் மூன்று மடங்கு வையுங்கள்.

மூன்றாவதாக, அந்த டைமரைச் சுவர்க்கடிகார நேரத்தில் ஓட்டாதீர்கள். புது இணைப்பு வந்ததும், நெட்வொர்க்கில் நேரம் கேட்டு வாங்கும் என்டிபி நேரத்தைத் திருத்தும். மணி ஒரே தாவாகத் தாவும். டைமர் முடிந்துவிட்டதாக நினைத்துப் பெட்டி பழையதற்கு ஓடிவிடும். எழுந்ததிலிருந்து எத்தனை வினாடி என்று எண்ணும் எண்ணியை வைத்து ஓட்டுங்கள்.

கடைசியாக, காத்திருக்கும் நேரத்தில் பெட்டி ரீபூட் ஆனால் பழைய கான்ஃபிக்தான் எழ வேண்டும். மேலே சொன்ன ஆ-வில் "உறுதியானது" என்று ஒரு அடையாளம் சேருங்கள். உறுதி வரும்வரை அது எழுதப்படாது, எழும்போது அடையாளம் இல்லாததைப் பெட்டி தொடாது.

இந்த ஒரு பகுதியை மட்டும் சரியாகச் செய்துவிட்டு மற்றதையெல்லாம் சுமாராகச் செய்தாலும் உங்கள் புரோட்டோகால் ஓடும்.

ஒரே பெட்டியில் ரெண்டு பேர்

எங்கள் வீட்டில் ரயில்வேக்காரர்கள் அதிகம். ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் கையில் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். ஒரே பெட்டியை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் பூட்டும் அதுதான்: வரைவில் கைவைக்கும் முன் லாக் எடு, முடித்ததும் விடு. எடுத்தவர் சாப்பிடப் போய்விட்டால்? கொருக்குப்பேட்டை கேட் மூடியது மாதிரி மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். அதனால் செஷன் அறுந்தால் பூட்டும் போக வேண்டும், ஐந்து நிமிடம் பேச்சில்லை என்றாலும் போக வேண்டும்.

சின்னப் பெட்டிகளுக்கு எனக்குப் பிடித்தது இன்னும் லேசான வழி. கான்ஃபிக்குக்கு ஒரு பதிப்பு எண். படிக்கும்போது எண் கிடைக்கும், எழுதும்போது "நான் 17ஐப் பார்த்துத்தான் எழுதுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குள் யாராவது 18 ஆக்கியிருந்தால் பெட்டி மறுக்கும். ரெஸ்ட்கான்ஃப் ஈடேக் என்ற பதிப்பு அடையாளம் வைத்துச் செய்வது இதைத்தான்.

பிழைச் செய்தியும் பதிப்பும்

ராயபுரத்தில் ஒரு மாடியில் வெயிலில் நின்றுகொண்டு, ஒரு கையில் போன், மறு கையில் கிரிம்பிங் டூலோடு இருக்கும் பையன் உங்கள் பிழைச் செய்தியைப் படிப்பான். "பிழை 22" என்று மட்டும் சொன்னால் அவன் உங்களைத்தான் கூப்பிடுவான். எந்த இடத்தில், என்ன மதிப்பு வந்தது, எது அனுமதி, மூன்றையும் சொல்லுங்கள்: "போர்ட் மீன்சந்தை-கேமரா, விலான் 5000 வந்தது, 1 முதல் 4094 வரைதான் முடியும்." ப்ரோக்ராமுக்காக ஒரு நிலையான பிழைக் குறியும் கூடவே போகட்டும், வாக்கியத்தை நாளைக்கு மாற்றுவீர்கள், குறியை மாற்றாதீர்கள்.

பதிப்பு பற்றி ஒரு கறாரான கருத்து உண்டு எனக்கு. தெரியாத சொல் வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடு என்பது பல புரோட்டோகால்களில் நல்ல பழக்கம். கான்ஃபிக்கில் அது ஆபத்து. "வெளியாருக்குப் போர்ட்டை மூடு" என்ற புதுச் சொல்லைப் பழைய ஃபர்ம்வேர் புரியாமல் விட்டுவிட்டு "ஆச்சு" என்று பதில் சொன்னால், மூடியதாக நினைத்துத் தூங்கப்போவோம். புரியாததை மறுக்க வேண்டும். எதெது புரியும் என்பதை இணைந்த உடனே, முதல் வணக்கத்திலேயே பெட்டி பட்டியலாகச் சொல்லிவிடட்டும். நெட்கான்ஃபின் ஹலோ மெசேஜ் அதற்குத்தான்.

மேசையில் உடையுங்கள்

மூன்று பெட்டிகளை ஒரே மேசையில் வையுங்கள். ஒரு ரிலே வாங்கி, கரண்டை ஏதோ ஒரு கணத்தில் துண்டிக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி, கமிட் நடக்கும்போதெல்லாம் துண்டித்துக்கொண்டே இருங்கள். ராத்திரி முழுக்க ஓடட்டும். காலையில் எல்லாப் பெட்டிகளும் பழையதிலோ புதியதிலோ முழுசாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்களுக்கு முதல் ராத்திரியிலேயே ஒன்று நடுவில் நின்றது. சிஆர்சியை கான்ஃபிக்குக்கு மட்டும் போட்டுவிட்டு ஏறுவரிசை எண்ணை விட்டிருந்தோம்.

லினக்ஸில் டிசி கமாண்டோடு வரும் நெட்எம் வைத்து இணைப்பைக் கெடுக்கலாம்: அரை வினாடி தாமதம், பத்தில் ஒரு பாக்கெட் தொலையும் என்று வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே தப்பான ஏபிஎன் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். பெட்டி தானாகத் திரும்பி வந்து, "நீங்கள் சொன்னது வேலை செய்யவில்லை, பழையதற்கு வந்துவிட்டேன்" என்று தகவல் சொல்ல வேண்டும். திரும்பி வருவது மட்டும் போதாது, திரும்பினேன் என்று சொல்லவும் வேண்டும். சொல்லாத பெட்டியால் நாங்கள் ஒரு வாரம் ஏமாந்தோம்.

மேசையில் தாங்கினால் நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு மாடிக்கு மட்டும் புதுப் பதிப்பை ஏற்றுங்கள். மாடிச் சாவி யாரிடம் என்று முதலில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து ஐந்து பெட்டி. எண்ணூர்ப் பக்கப் பெட்டிகள் கடைசியில், அதுவும் காலை வேளையில், மேகம் இல்லாத நாளில்.